திரையரங்கா, ஃபர்ஸ்ட் காப்பியா, சொந்தத் தொடரா: பள்ளிப் பருவ நகைச்சுவை எடுக்கும் சிறு நிறுவனத்துக்கு எந்த வழி?

சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ இரண்டு அறை அலுவலகம் எடுத்து, பிளஸ் டூ மாணவர்களைப் பற்றிய நகைச்சுவைக் கதை ஒன்றைக் கையில் வைத்திருக்கும் சிறு தயாரிப்பு நிறுவனத்தின் முன் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. சொந்தப் பணத்திலோ கடனிலோ படமெடுத்துத் திரையரங்குகளில் வெளியிடுவது முதலாவது. பெரிய நிறுவனத்துக்கோ ஓடிடி தளத்துக்கோ ஃபர்ஸ்ட் காப்பி அடிப்படையில் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத் தொகையோடு விலகிக்கொள்வது இரண்டாவது. அதே நடிகர்களையும் அதே உலகத்தையும் வைத்துச் சொந்த யூடியூப் சேனலில் ஆறு அல்லது எட்டுப் பகுதித் தொடராக எடுத்து, உரிமை முழுவதையும் தன்னிடமே வைத்துக்கொள்வது மூன்றாவது. பெரும்பாலானவர்கள் இந்த மூன்றையும் படம் முடிந்து, கடனுக்கு வட்டி ஏறத் தொடங்கிய பிறகுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கதை எழுத உட்காரும் முன்பே ஒப்பிட வேண்டும் என்பதும், ஒப்பிடும்போது படப்பிடிப்புக்கு எவ்வளவு ஆகும் என்பதைவிட, முகம் தெரியாத நடிகர்களை ஊருக்கு அறிமுகப்படுத்தும் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

இந்த வகைப் படத்துக்கு அந்தக் கேள்வி மற்ற வகைகளைவிட அதிகமாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. பேய்ப்படத்துக்கு முகம் தேவையில்லை. ஒரு கதவும் ஒரு நிழலும் டிரெய்லரில் வந்தால் கூட்டம் என்ன படம் என்று புரிந்துகொள்ளும். குற்றக் கதைக்கு ஒரு புதிர் போதும். நகைச்சுவையோ ஆளைப் பார்த்து வருவது. தெரிந்த நகைச்சுவை நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே அரங்கம் சிரிக்கத் தயாராக இருக்கிறது. தெரியாத பையன் அதே வசனத்தை அதைவிட நன்றாகச் சொன்னாலும் முதல் இருபது நிமிடம் அவனைப் பழகிக்கொள்வதிலேயே போய்விடுகிறது. பதினேழு வயதுப் பாத்திரத்தில் நட்சத்திரத்தை நடிக்க வைக்கவும் முடியாது. ஆகவே சீருடை, ஒரு வகுப்பறை, ஒரு டியூஷன் மொட்டைமாடி, ஒரு தெருமுனை டீக்கடை என்று படப்பிடிப்பில் மிச்சமாகும் பணம், விளம்பரத்தில் அப்படியே வெளியே போய்விடுகிறது.

முதலில் திரையரங்கு வழி. அது வெல்லும் என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 2007இல் ‘சென்னை 600028’ பெரிய நட்சத்திரம் எவரும் இல்லாமல் தெருக் கிரிக்கெட் பையன்களை வைத்து வென்றது. 2009இல் ‘பசங்க’ சிறுவர்களையே நாயகர்களாக்கி வென்றது. 2012இல் ‘அட்டகத்தி’ புறநகர் இளைஞன் ஒருவனின் காதல் தடுமாற்றங்களைச் சொல்லி, புதிய இயக்குநர் ஒருவரை நிலைநிறுத்தியது. சிறு நிறுவனம் தொடங்கும் ஒவ்வொருவரும் இந்த மூன்றையும் மேற்கோள் காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் திரையில் புதுமுகங்கள் இருந்த இந்தப் படங்களின் பின்னால் இருந்தவர்கள் புதியவர்கள் அல்லர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலாவதைத் தயாரித்தவர் எஸ்.பி.பி. சரண், இரண்டாவதைத் தயாரித்தவர், அதற்கு முந்தைய ஆண்டுதான் பெரும் வெற்றி கண்டிருந்த சசிகுமார், மூன்றாவதைத் தயாரித்தது சி.வி. குமாரின் புதிய நிறுவனம் என்றாலும், வெளியீட்டை ஸ்டுடியோ கிரீன் எடுத்துக்கொண்டது. அறிமுகச் செலவில் ஒரு பகுதியை அந்தப் பெயர்கள் ஏற்றுக்கொண்டன. அப்படி ஒரு பெயர் இல்லாத நிறுவனம் அந்தப் பகுதியைப் பணமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

கணக்காகப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். படப்பிடிப்பும் பின்தயாரிப்பும் எண்பது லட்சம், விளம்பரமும் வெளியீட்டுச் செலவும் எழுபது லட்சம், ஆக ஒன்றரைக் கோடி என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாடு முழுவதும் சராசரியாக வரி நீங்கிய டிக்கெட் விலை ரூ.110 என்றும், அதில் திரையரங்குக்குப் பாதி போகிறது என்றும், விநியோகஸ்தர் பத்து சதவீதக் கமிஷனுக்கு வெளியிடுகிறார் என்றும் கொண்டால், ஒரு டிக்கெட்டுக்குத் தயாரிப்பாளர் கையில் வந்து சேர்வது ஏறக்குறைய ஐம்பது ரூபாய். திரையரங்கிலிருந்து மட்டுமே முதலைத் திரும்ப எடுக்க மூன்று லட்சம் பேர் வர வேண்டும். நூறு திரைகளில் நாளுக்கு இரண்டு காட்சிகள் கிடைத்தால் வெள்ளி முதல் ஞாயிறு வரை 600 காட்சிகள். காட்சிக்கு 500 பேர். சென்னை மல்டிபிளெக்ஸ்களில் பல அரங்குகளில் அத்தனை இருக்கைகளே கிடையாது. முழு வாரமும் ஒரு காட்சிகூடக் குறையாமல் ஓடினாலும் காட்சிக்கு 214 பேர் தேவை. கடன் வாங்கியிருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: ஒன்றரைக் கோடிக்கு மாதம் இரண்டு வட்டி என்றால் மாதம் மூன்று லட்சம், வெளியீடு பத்து மாதம் தள்ளிப்போனால் முப்பது லட்சம், அதாவது இன்னும் அறுபதாயிரம் டிக்கெட்டுகள்.

வெள்ளிக்கிழமைக் காலைக் காட்சியில் நடப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்களாகத் தோன்றாது. பத்தரை மணிக் காட்சிக்குப் பதினைந்து பேர்கூட வரவில்லையென்றால் அரங்க மேலாளர் காட்சியை ரத்து செய்துவிட்டு, வந்தவர்களை அடுத்த திரைக்கு அனுப்புவார். சனிக்கிழமைக்குள் அந்தப் படத்தின் மாலைக் காட்சி, ஓடிக்கொண்டிருக்கும் பெரிய படத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது காலைக் காட்சி மட்டும். அந்த நேரத்தில் நம் பார்வையாளர் பள்ளியில் இருப்பார். டிஜிட்டல் திரையிடலுக்காகக் கியூப் போன்ற நிறுவனங்களுக்குத் தயாரிப்பாளர் கட்டும் வி.பி.எஃப். கட்டணமோ கூட்டம் வந்ததா இல்லையா என்று கேட்பதில்லை. 2018 மார்ச்சில் தயாரிப்பாளர் சங்கம் புதிய படங்களை வெளியிடாமல் நிறுத்திப் போராடியதற்கு அந்தக் கட்டணமே முதற்காரணம் என்பதை நினைத்தால், சிறு படத்துக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்பது விளங்கும்.

பார்வையாளரின் சட்டைப்பையையும் பார்க்க வேண்டும். பதினாறு வயதுப் பையனிடம் சொந்த வருமானம் இல்லை. மல்டிபிளெக்ஸில் அடிப்படைக் கட்டணம் ரூ.150, வரிகள் சேர்ந்தால் இருநூறை நெருங்குகிறது. நான்கு நண்பர்கள் பாப்கார்ன் வாங்காமல் பார்த்தாலே எண்ணூறு ரூபாயை நெருங்கிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய்க்குட்பட்ட டிக்கெட்டுகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது நல்ல செய்திதான். ஆனால் அந்த விலைக்கு நகரத்துக்குள் படம் பார்க்கக் கூடிய அரங்குகள் குறைந்துகொண்டே வருகின்றன; மாணவர்கள் சைக்கிளிலும் மாநகரப் பேருந்திலும் வந்து கூடிய அசோக் பில்லர் உதயம் வளாகமே 2024இல் மூடப்பட்டுவிட்டது. இந்த இழப்பு எனக்கு வருத்தம் தருவது. பள்ளிப் பருவ நகைச்சுவை என்பது நண்பர்கள் தோளில் தட்டிச் சிரிக்க வேண்டிய வகை. அதற்குரிய அரங்குகள் போன பிறகு, அந்த வகையையே குறை சொல்வது நியாயமில்லை.

நாட்காட்டியும் ஒத்துழைப்பதில்லை. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களைப் பெரிய படங்கள் எடுத்துக்கொள்கின்றன. மார்ச்சில் பொதுத்தேர்வு. தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்போது ஐ.பி.எல். தொடங்கியிருக்கும், சேப்பாக்கத்தில் ஆட்டம் உள்ள மாலைகளில் சென்னை அரங்குகளின் நிலை எல்லோருக்கும் தெரியும். காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, ஜூன் தொடக்கம் என்று சில வாரங்களே மிஞ்சுகின்றன. அவற்றுக்கும் மற்ற சிறு படங்கள் வரிசையில் நிற்கின்றன.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் இந்த வகைக்கு ஓர் எச்சரிக்கை தேவை. 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்துள்ளது. இவை பெற்றோருக்கான வழிகாட்டுதலே தவிர, வாசலில் யாரையும் தடுப்பவை அல்ல. ‘ஏ’ கிடைத்தால் நிலைமை வேறு. யாருக்காக எடுத்தோமோ அவர்களே உள்ளே வர முடியாது. தொலைக்காட்சியிலும் அப்படியே ஒளிபரப்ப முடியாது. இரட்டை அர்த்த வசனம் நான்கைச் சேர்த்தால் இளைஞர் கூட்டம் வரும் என்று நம்பி எழுதுகிறவர்கள், ஹாடோஸ் சாலைச் சாஸ்திரி பவனில் தணிக்கைக்குப் போகும் நாளன்றுதான் இதை உணர்கிறார்கள்.

இரண்டாவது வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் நம் கையில் இருப்பது குறைவு. ஃபர்ஸ்ட் காப்பி ஒப்பந்தத்தில் வட்டிப் பயம் இல்லை, விளம்பரச் சுமை இல்லை, வெள்ளிக்கிழமை காலை வயிற்றில் நெருப்பு இல்லை. பேசிய தொகைக்குள் படத்தை முடித்தால் மிச்சம் நமக்கு. ஆனால் கதை, பாத்திரங்கள், இரண்டாம் பாக உரிமை, மற்ற மொழி உரிமை எல்லாம் பெரும்பாலும் பணம் கொடுத்தவருக்கே போய்விடும். 2020 மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானபோது, இனித் திரையரங்கைக் கடக்காமலே பிழைக்கலாம் என்று சிறு தயாரிப்பாளர்கள் பலர் நம்பினார்கள். அந்தக் கதவு பின்னர் பெரிதும் சாத்தப்பட்டது. தெரிந்த நடிகர் இல்லாத படத்தைத் தளங்கள் முன்கூட்டியே விலை பேசி வாங்குவது அரிதாகி, திரையரங்கில் எப்படி ஓடியது என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குகின்றன. இல்லாவிட்டால் பார்க்கப்பட்ட அளவுக்குப் பங்கு தருகிறோம் என்கின்றன. ஆகவே ‘படத்தை முடித்துவிட்டு ஓடிடிக்குக் கொடுத்துவிடலாம்’ என்பதை ஒரு தனி வழியாகக் கணக்கில் எழுதக் கூடாது. படப்பிடிப்புக்கு முன்பே கையெழுத்தும் முதல் தவணையும் வந்திருந்தால் மட்டுமே அது வழி.

இளம் பார்வையாளருக்குத் தளங்களில் இடமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’ பள்ளி வாழ்க்கையை நம்பியே நெடுங்காலம் ஓடியது. 2022இல் அதே பெயரில் ஹாட்ஸ்டார் புதிய தொடரை எடுத்தது. பள்ளிக் கதைக்கு இயல்பான வடிவம் தொடர்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஓராண்டுப் படிப்பு, மாதத் தேர்வுகள், ஆண்டு விழா, ஒரு சண்டை, ஒரு சமாதானம் என்று பள்ளி வாழ்க்கையே பகுதி பகுதியாகத்தான் நடக்கிறது.

மூன்றாவது வழிக்கு வரும் முன், பதின்ம வயதினருக்குப் படமெடுக்கும் தொழிலையே தொடங்கிவைத்தவர்கள் என்று சொல்லத்தக்க ஓர் அமெரிக்க நிறுவனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்காஃபும் 1954இல் தொடங்கிய நிறுவனம், 1956 முதல் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்ற பெயரில் இயங்கியது. பெரிய ஸ்டுடியோக்கள் கவனிக்காத பதின்ம வயதினரையே அவர்கள் தங்கள் பார்வையாளராகத் தேர்ந்துகொண்டார்கள். முதலில் படத்தின் பெயர், பிறகு போஸ்டர், அவற்றுக்குத் திரையரங்குக்காரர்கள் ஆர்வம் காட்டிய பிறகே திரைக்கதை என்பது அவர்களுடைய முறை. ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படங்கள் காட்டப்பட்ட அந்தக் காலத்தில், சின்னப் படத்தைத் தனியாகக் கொடுத்தால் இரண்டாம் படமாகப் போட்டு நிலையான சிறு வாடகைதான் தருவார்கள் என்பதால், இரண்டு படங்களைச் சேர்த்தே கொடுத்து வசூலில் பங்கு கேட்டார்கள். 1963 முதல் வந்த அவர்களது கடற்கரை நகைச்சுவைப் படங்களில் அதே நடிகர் குழு திரும்பத் திரும்ப வந்தது. கதையைவிடக் குழுவும் விநியோக ஏற்பாடும்தான் நிறுவனத்தின் சொத்து என்று அவர்கள் நடத்திக் காட்டியதை, சென்னையில் நாம் இன்னும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கும்போது சொந்தத் தொடர் வழி தன் உண்மையான மதிப்பில் தெரிகிறது. வருமானமாக மட்டும் பார்த்தால் அது ஏமாற்றமே தரும். யூடியூப் நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 சதவீதத்தையும் ஷார்ட்ஸ் வருவாயில் 45 சதவீதத்தையும் படைப்பவருக்குத் தருகிறது. ஆயிரம் சந்தாதாரரும் பன்னிரண்டு மாதங்களில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகே நீண்ட காணொளிகளுக்கு அந்தப் பங்கு தொடங்கும் என்பதால், முதல் தொடரின் முதல் பகுதிகளுக்கு ஒன்றும் கிடைக்காமலே போகலாம். கல்வி நிறுவனமோ செல்பேசிக் கடையோ தின்பண்ட நிறுவனமோ ஸ்பான்சர் தரலாம். தந்தால் அது விளம்பரம் என்று 2021 முதல் நடைமுறையில் உள்ள, இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கியின் வழிகாட்டுதலின்படி வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். பிள்ளைகள் பார்க்கும் தொடர் என்பதால் இதில் நேர்மை இருமடங்கு தேவை என்பேன்.

ஆனால் நாம் முதலில் கேட்ட கேள்வியை இங்கே திரும்பக் கேட்டால் விடை மாறுகிறது. முகம் தெரியாதவர்களை அறிமுகப்படுத்தும் செலவை இங்கே யார் ஏற்கிறார்கள்? தொடரே ஏற்கிறது. எட்டு வாரம் பார்த்த பிறகு அந்தக் கண்ணாடிக்காரப் பையன் வாசலில் வந்து நின்றாலே பார்ப்பவர் சிரிக்கத் தொடங்குவார். எந்தப் பாத்திரம் பிடிக்கிறது, எந்த நகைச்சுவை காரைக்குடியிலும் எடுபடுகிறது, எது சென்னைக்காரருக்கு மட்டும் புரிகிறது என்பதெல்லாம் பின்னூட்டங்களிலும், பார்வையாளர் எந்த நிமிடத்தில் விலகுகிறார் என்று யூடியூப் காட்டும் வரைபடத்திலும் தெரிந்துவிடும். இருபது லட்சத்துக்குள் முடிகிற தொடர், எழுபது லட்ச விளம்பரத்தின் பெரும்பகுதியைச் செய்துவிட முடியும். குறும்படம் இந்த வேலையைச் செய்ததைத் தமிழில் இரண்டு முறை கண்கூடாகப் பார்த்தோம்: பாலாஜி மோகனின் குறும்படம் 2012இல் ‘காதலில் சொதப்புவது எப்படி’ ஆனது, பிரதீப் ரங்கநாதனின் குறும்படம் 2022இல் ‘லவ் டுடே’ ஆனது. இரண்டுக்கும் வலுவான தயாரிப்பாளர்கள் பின்னால் நின்றார்கள் என்பது உண்மை. அந்தத் தயாரிப்பாளர்களை நம்ப வைக்கவும் குறும்படம் உதவியது என்பதும் அதே அளவு உண்மை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. அதை ஒதுக்க முடியாது. இலவசமாகப் பார்த்தவர் இருநூறு ரூபாய் கொடுத்து வருவாரா? அப்படியே வரமாட்டார். தொடரில் பார்த்ததையே இரண்டு மணி நேரமாக நீட்டினால் வரவே மாட்டார். கைப்பேசிக்கு எழுதும் நகைச்சுவையும் அரங்குக்கு எழுதும் நகைச்சுவையும் கட்டமைப்பிலேயே வேறு. டியூஷன் மொட்டைமாடியில் ஒருவன் விடைத்தாளை ஒளிக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். கைப்பேசியில் முதல் பத்து விநாடிக்குள் தாள் தெரிய வேண்டும், அடுத்த இருபது விநாடியில் சார் மாடிப்படி ஏற வேண்டும், முகங்கள் நெருக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல் திரையைத் தள்ளிவிடும். அரங்கில் அதே காட்சி நான்கு நிமிடம் நீளலாம். சார் படியில் பாதியில் நின்று யாரிடமோ வீட்டு வாடகை பேசலாம், தாள் காற்றில் பறந்து எதிர்வீட்டுத் துணிக்கொடியில் தொங்கலாம், சிரிப்பு அடங்குவதற்கு எடிட்டர் இரண்டு விநாடி இடம் விடலாம். முன்னூறு பேர் சேர்ந்து சிரிக்கும்போது நகைச்சுவைக்கு வரும் பலம் தனித்திரையில் ஒருபோதும் வராது. ஆகவே தொடரில் ஆட்களைப் பழக்கிவிட்டு, கூட்டத்தோடு பார்த்தால் மட்டுமே முழுமையாகும் வேறொரு கதையை அரங்குக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியிலும் மாறாத சில கடமைகள் உண்டு. பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது இருபது சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். யூடியூப் தொடர்தானே என்று இதில் சலுகை எடுத்துக்கொள்வது தவறு. பிளஸ் டூ பாத்திரங்களுக்குப் பதினெட்டு நிறைந்தவர்களையே தேர்ந்தால் கால்ஷீட்டும் எளிதாகும், மனமும் நிம்மதியாக இருக்கும். அதேபோல், வகுப்பறையில் பையன்கள் பழைய சினிமாப் பாட்டை இரண்டு வரி பாடிக் கிண்டல் செய்யும் காட்சி எழுதும்போது இயல்பாக வந்துவிடும்; திரைப்படத்தில் அதற்கு உரிமை வாங்க வேண்டும், யூடியூபிலோ உரிமையாளரின் கோரிக்கை வந்து அந்தப் பகுதியின் வருமானமே கைமாறிப் போகலாம். அந்த இரண்டு வரியைப் புதிதாக எழுதி மெட்டமைப்பது மலிவு. அரசின் சிறுமுதலீட்டுப் பட மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதை வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டு செலவு செய்யக் கூடாது.

இவ்வளவும் சேர்த்துப் பார்த்து நான் சொல்வது இது. முன்பு படம் எதுவும் வெளியிடாத நிறுவனம், இருக்கும் பணத்தில் கால் பங்குக்கும் குறைவாகத் தொடரில் போட்டு, குழுவை ஊருக்குக் காட்டிவிட்டு, அதன் பிறகு திரையரங்குக்கு வர வேண்டும். அப்படி வரும்போது, படப்பிடிப்பையும் முன்பு சொன்ன எண்பது லட்சத்தைவிடச் சிறிதாகத் திட்டமிட்டால், படத்தின் மொத்தச் செலவு, விளம்பரமும் சேர்த்து, அறுபது லட்சத்துக்குள் நிற்க முடியும். முன்பு போட்ட அதே கணக்கில் தேவைப்படுவது 1,20,000 டிக்கெட்டுகள், நூறு திரைகளில் ஒரு வாரம் முழுவதும் ஓடினால் காட்சிக்கு 86 பேர். கடினம்தான், ஆனால் கைக்கெட்டும் கடினம். கையில் ஏற்கெனவே கடன் இருக்கும் நிறுவனம் மட்டும் ஃபர்ஸ்ட் காப்பி வாய்ப்பு வந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளட்டும். வட்டியோடு போட்டி போட்டு எந்த நகைச்சுவையும் எழுத முடியாது. அந்த ஒப்பந்தத்திலும் பாத்திரங்களின் உரிமையையும் தொடர்ச்சி உரிமையையும் தனித்தனிப் பிரிவாக எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். முழுவதும் கிடைக்காவிட்டாலும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் உரிமை திரும்ப வரும் என்ற வரியாவது இடம்பெற வேண்டும்.

தொடரைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குக் காலக்கெடுவும் ஒன்று உண்டு. சென்னையில் தனியார் பள்ளிகள் வகுப்பறையை வாடகைக்குத் தருவது பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான். மே மாத வெயிலில் மொட்டைமாடிக் காட்சிகளைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டு, மீதி நேரம் உள்ளரங்கில் எடுக்கும்படி அட்டவணை போட வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் பள்ளியோடு எழுத்துப்பூர்வமாகப் பேசி முடிக்காவிட்டால், அடுத்த வாய்ப்பு ஓராண்டு தள்ளிப்போகும். பிளஸ் டூ பையனாக நடிக்கவிருந்தவருக்கு அதற்குள் மீசை அடர்ந்துவிடும்.